தரவைப் புல்லும் ஜேர்சிப் பசுவும்



வேலணையில் ஓர் அக்கா. போரில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளுடன் மீளக் குடியேறியவர். வாழ்வாதார உதவிப் பணத்தில் எந்தப் பசுவை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். "ஜேர்சிக் கலப்பினம் வாங்குங்கோ அக்கா, பால் கூட" என்றேன். சமூகவியல் படித்த எனக்கு மாட்டைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மாரியில் பசு நன்றாகக் கறந்தது. சோளகம் வீசித் தரவைப் புல் காய்ந்ததும் பால் வற்றியது. விலா எலும்பும் தெரிந்தது. பக்கத்து வீட்டு நாட்டு மாடோ அதே தரவையில் மேய்ந்து தாக்குப்பிடித்தது. "ரெண்டும் ஒரே புல்லைத்தானே பிள்ளை தின்னுது?" என்றார் அக்கா. பதில் தெரியாமல் ஒரு கால்நடை வைத்தியரிடம் போனேன்.

மாட்டின் இரைப்பையில் நான்கு பகுதிகள் உண்டு. பெரிய பகுதியில் வாழும் நுண்ணுயிர்களே புல்லின் நாரைச் செரிக்க வைக்கின்றன. அவற்றுக்குப் புரதம் வேண்டும். வெப்பநாட்டுப் புல் விரைவில் முற்றி நாராகிவிடும். அதில் புரதம் ஏறக்குறைய 7 வீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். தின்றது வயிற்றிலேயே கிடக்கும். மாடு மேலும் தின்னாது.

திமிலுள்ள நம் நாட்டு மாட்டுக்கு உடல் சிறியது, தேவையும் குறைவு. வெயிலையும் தாங்கும். காய்ந்த புல்லை வைத்துச் சமாளித்துவிடும். குளிர்நாட்டு இரத்தம் கலந்த பசு வெயிலில் இன்னும் குறைவாகத் தின்னும். ஆனால் நல்ல தீனும் தண்ணீரும் நிழலும் கிடைத்தால் பாலில் அதுவே முந்தும். ஆகவே குறை பசுவில் இல்லை. தீனை எண்ணிப் பாராமல் சொன்ன என்னில்தான்.

அக்கா வேலிக் கதியால்களாகக் கிளிசரியா நட்டார். அந்தக் குழையை ஒரு நாள் வாடவிட்டு, வைக்கோலோடும் கிழித்த பனையோலையோடும் போடுகிறார். கொஞ்சம் பிண்ணாக்கும் வைக்கிறார். உவர்த் தண்ணீர் வைக்காமல் நல்ல தண்ணீர் அள்ளி வைக்கிறார். யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோலும் உதவும். ஆனால் அளவு தவறினால் யூரியா நஞ்சு. கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுப் பழகாமல் செய்யாதீர்கள்.

இப்போது கோடையில் பால் குறைகிறதே தவிர வற்றுவதில்லை.

பிறகு இன்னொரு சகோதரி எந்தப் பசு வாங்கலாம் என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் அவருடைய கிணற்றையும் வேலியையும் போய்ப் பார்த்தேன்.