குறைவது தட்டணு, கூடுவது உறைவு

உறைவெதிர்ப்பு மருந்தான ஹெப்பாரின் பெறுபவரின் தட்டணுக்கள் சரிந்தால் ஆபத்து குருதிப்போக்கே என்றும், மருந்தை நிறுத்தித் தட்டணு ஏற்றினால் போதும் என்றும் கூறும் வாதம், டெங்குவுக்குரிய அச்சத்தை இடம் மாற்றிப் பொருத்துகிறது. பெரும்பாலும் மருந்து தொடங்கிய 5 முதல் 10 நாட்களில் தோன்றும் இந்தத் தட்டணுக்குறைவுக் கோளாறில், தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதம் ஹெப்பாரினோடு பிணைய, அப்பிணைப்புக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பான்கள் தட்டணுக்களையே தூண்டிவிடுவதால், அவை உறைகட்டிகளாகத் திரண்டு செலவழிகின்றன. ஆகவே அஞ்சவேண்டியது நாள அடைப்பையே. நிறுத்துவது சரி, அத்தோடு நிற்பது பிழை. ஆர்கட்ரோபான் போன்ற மாற்று உறைவெதிர்ப்பி உடனே தேவை. கடுங்குருதிப்போக்கு இல்லாதபோது தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. வார்ஃபரின் என்னும் உறைவெதிர்ப்பியும் அவசரத்துக்கு உதவாது: தட்டணு மீளுமுன் அதைத் தனியே கொடுத்தால், உறைவைக் கட்டுப்படுத்தும் இயற்கைப் புரதமான ‘புரதம் சி’ முதலில் குறைந்து, கைகால் திசுக்கள் அழியவும் நேரலாம்.