ஒரு 'சரி' பட்டனும் சில சிபாரிசுகளும்

உங்களிடம் யாராவது சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறார்களா? அப்படியானால் அந்த அவஸ்தை தெரிந்திருக்கும். பையன் நல்லவன்தானா, இரண்டே மாசத்தில் கழன்றுகொண்டால் நம் பேர் என்னாவது என்று ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு நாலு வரி எழுதுவோம். கடிதத்துக்கு மதிப்பே அந்தத் தயக்கத்தால்தான்.

அதை இப்போது மெஷினிடம் கொடுத்தாயிற்று. கர்ஸர் என்று ஒரு எடிட்டர். வேண்டியதைச் சொன்னால் ஏ.ஐ. புரோகிராம் எழுதித் தரும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி எம்.சி.பி. என்றொரு பொது ஏற்பாட்டை வெளியிட்டது. ஏ.ஐ.யை வெளிக் கருவிகளோடு மாட்ட ஒரே மாதிரி ப்ளக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஃபைலில் சில வரிகள் சேர்த்தால் கர்ஸர் உங்கள் மெயிலைத் தொடும், டேட்டாபேஸைத் துழாவும். அதே வழியில் ஆட்களை அறிமுகப்படுத்தும் கருவியையும் மாட்டலாம். 'இந்த சமாசாரம் தெரிந்தவர் யார்? பேச ஏற்பாடு பண்ணு' என்றால் ஆளைப் பிடித்துக் கடிதமும் எழுதி நீட்டும்.

ஆளைத் தேடித் தரட்டும், தப்பில்லை. நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கக்காரர்கள் மூலம்தான் வேலைத் தகவல் வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். அரைகுறைகளை நம்மைவிட மெஷின் நன்றாக ஞாபகம் வைத்திருக்கும்.

என் சண்டை கடைசிப் படியோடு. 'மனுஷன் அனுமதியில்லாம எதுவும் போகாது சார்' என்கிறார்கள். கருவியைத் தடுக்க ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்று எம்.சி.பி. விதியும் சிபாரிசுதான் செய்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. கர்ஸரில் கேட்காமலே ஓட்டவும் செட்டிங் உண்டு. அதற்கு முதலில் வைத்த பேர் 'யோலோ'. வாழ்வது ஒருமுறை, பார்த்துக்கலாம் வா என்று அர்த்தம்.

சரி, கேட்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஃபைலைத் திருத்தட்டுமா, டெஸ்ட் ஓட்டட்டுமா என்று நாள் பூராக் கேட்டு, 'சரி, சரி' என்று தட்டித் தட்டி விரல் பழகிவிடுகிறது. 41-வது கேள்வியாக 'இந்தக் கடிதத்தை அனுப்பட்டுமா?' வந்தால்?

நான் தட்டினேன், படிக்காமல். 'இவரை நெருக்கமாகத் தெரியும்' என்று என் பேரில் ஒரு பையனுக்காகக் கடிதம் போய்விட்டது. அவனை ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறேன். கடிதம் கிடைத்த பெரியவர் போன் பண்ணி, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ப்பா" என்றார். ஃபைலைத் தப்பாகத் திருத்தினால் பழையபடி மாற்றிவிடலாம். இதை எந்த கமாண்ட் போட்டு மாற்றுவது?

இன்னொன்று: அந்தப் பெரியவரை யார் கேட்டார்கள்? அனுமதி என்றால் இரண்டு பக்கமும் கேட்கவேண்டாமா? பெண் பார்க்கப் போவதற்குக்கூட முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறோம்.

இந்தக் கருவி செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். புரோகிராமுக்கான 'சரி'யையும் மனுஷனுக்கான 'சரி'யையும் ஒரே பட்டனில் வைக்காதீர்கள். ஒரு வரியாவது நானே டைப் அடித்தால்தான் கடிதம் போகும் என்று வையுங்கள். சோம்பல்பட்டுப் பாதி போகாது. போகாவிட்டால் போகட்டுமே.

பெரியவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. பையனுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூவாம். அதற்குள் சொல்லியாகவேண்டும்.