கூடாரத்தில் ஓர் இரவு



விடுமுறையில் பிள்ளைகளோடு கொடைக்கானல் சென்று கூடாரத்தில் தங்கும் ஆவல் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. நல்ல ஆவல்தான். ஆயினும் அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மே மாதத்திலும் இரவு குளிரும்.

புறப்படுமுன் ஒருநாள் வீட்டு முற்றத்தில் கூடாரத்தை அமைத்துப் பழகிக்கொள்ளுங்கள். இருட்டியபின் மலையில் கயிறு எது, முளை எது எனத் தேடும் குடும்பத் தலைவரின் கோபத்துக்குப் பெரும்பாலும் பிள்ளைகளே இலக்காகின்றனர்!

குளிரென்றதும் போர்வைகளை அடுக்குகிறோம். உடற்சூட்டை உறிஞ்சுவதில் தரையும் சளைத்ததன்று. ஆகவே, கீழே விரிக்கும் ஜமுக்காளத்தை இரட்டிப்பாக்குங்கள். கூடாரத்தின் காற்றுவழியை முற்றிலும் மூடிவிடாதீர்கள். மூடினால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியலில் சொட்டும்.

பிள்ளை நடுங்குகிறதே என்று கரியடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடாதீர்கள். புகை அடங்கிய கனலும் கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுவாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் அறியாமலே உயிரைப் பறித்துவிடும். காற்றுவழி திறந்துதானே இருக்கிறது என்பது சமாதானமாகாது. உறங்குமுன் நெருப்பை அணைக்கச் சொல்லும் நபிமொழி கூடாரத்துக்கும் பொருந்தும். சூடு வேண்டுமாயின், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் கால்மாட்டில் வையுங்கள். அடுப்பு வெளியிலேயே அணைந்து கிடக்கட்டும்.