வாசலிலேயே தடுக்க வேண்டும்

ஊருக்குப் போக எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிறோம். பணம் திரும்பி வரத் தாமதமாகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் உதவி எண்ணைத் தேடுகிறோம். பட்டியலில் முதலாவதாக ஓர் எண் வருகிறது. அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்று போட்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. அந்த எண்ணுக்குப் பேசினால், மிகவும் மரியாதையாகப் பேசும் ஒருவர், ஒரு புரோகிராமை இறக்கிக் கொள்ளச் சொல்கிறார். சொன்னபடி செய்கிறோம். சற்று நேரத்தில், ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த பணம் பாங்குக் கணக்கிலிருந்து போய்விடுகிறது.

மும்பையிலும் நாட்டின் பிற நகரங்களிலும் இவ்விதம் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: 'நீங்கள் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.' இது தவறான யோசனை அல்ல. ஆனால் போதுமான யோசனையும் அல்ல. ஒரே இணைப்பை அலுவலகம் சென்று களைத்து வரும் தகப்பனார் பயன்படுத்துகிறார். பள்ளிக்கூடப் பிள்ளை பயன்படுத்துகிறது. ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பியும் பயன்படுத்துகிறான். அத்தனை பேரும் எந்நேரமும் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் வீட்டாரை இரவெல்லாம் விழித்திருக்கச் சொல்வதற்கு ஒப்பானது. முதலில் தாழ்ப்பாள் போட வேண்டும். அதற்குப் பெரும் செலவோ பெரும் படிப்போ தேவையில்லை என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துக் கூறுவது அவசியம் என்று கருதுகிறோம்.

நல்ல தளங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இது சரியல்ல. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதில் உள்ள விளம்பரங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் தேர்ந்தெடுத்தவை அல்ல. பக்கம் திறக்கும் ஒரு நொடிக்குள் எங்கோ ஏலம் நடக்கிறது; அதிக விலை கொடுப்பவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. அவர் யார் என்பது தளத்தின் சொந்தக்காரருக்கே தெரியாது. 2016 மார்ச் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. போன்ற புகழ் பெற்ற நிறுவனங்களின் தளங்களிலேயே இவ்வாறு தீய விளம்பரங்கள் புகுந்தன. படிக்க வந்தவர்களின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம்களை ஏற்றுவது அவற்றின் நோக்கம். செய்தி நிறுவனங்கள் குற்றம் செய்யவில்லை. ஆனால் குற்றம் அவர்கள் வாசல் வழியாகத்தான் வந்தது.

இதை எப்படித் தடுப்பது? தாதரிலோ குர்லாவிலோ ரயிலை விட்டு முதல் முறையாக இறங்குகிறவர் என்ன செய்கிறார்? கையில் உள்ள விலாசத்தைக் காட்டி வழி கேட்கிறார். கம்ப்யூட்டரும் அப்படியே செய்கிறது. நாம் தளத்தின் பெயரைத் தருகிறோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியதோ எண்களால் ஆன விலாசம். பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் வழிகாட்டிதான் டி.என்.எஸ். என்ற ஏற்பாடு. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் இதை வகுத்தார். ஒவ்வொரு விளம்பரமும் ஒவ்வொரு மோசடித் தளமும் இந்த வழிகாட்டியிடம் கேட்ட பிறகே வீட்டுக்குள் வர முடியும். ஆகவே, எது திருடர் விடுதி என்பதை அறிந்து, 'அங்கே போகாதே' என்று சொல்லும் வழிகாட்டியை நாம் நியமித்துக் கொண்டால், பாதி ஆபத்து வாசலிலேயே நின்றுவிடும்.

இத்தகைய வழிகாட்டிகள் இலவசமாகவே கிடைக்கிறார்கள். 2017இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத குவாட்9 அமைப்பின் எண் 9.9.9.9. தீய தளங்களை இது தடுக்கிறது. கிளவுட்பிளேர் நிறுவனம் 2020இல் அளித்த 1.1.1.2 என்ற எண்ணும் அதே வேலையைச் செய்கிறது, 1.1.1.3 என்பது பிள்ளைகள் பார்க்கக் கூடாத தளங்களையும் சேர்த்துத் தடுக்கிறது. விளம்பரங்களையும் வடிகட்ட விரும்புவோர் ஆட்கார்ட் நிறுவனத்தின் 94.140.14.14 என்ற எண்ணைப் பயன்படுத்தலாம். வீட்டிலுள்ள ரூட்டரில் இவற்றில் ஒன்றைப் பதிந்துவிட்டால், அதனுடன் இணைந்த கம்ப்யூட்டர், செல்போன், டெலிவிஷன் அனைத்துக்கும் பொதுவாகக் காவல் கிடைக்கும். நமக்குச் செய்யத் தெரியாவிட்டால், இணைப்புக் கொடுத்த கேபிள்காரரிடம் எண்ணை எழுதிக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அவருக்கு இது சில நிமிட வேலை. அப்படியே ரூட்டருக்குத் தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடச் சொல்ல வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு. வழிகாட்டியை நாம் மாற்றலாம் என்றால் திருடனும் மாற்றலாம் அல்லவா? எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கும்பல் அதைத்தான் செய்தது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். எண்ணைத் திருட்டுத்தனமாக மாற்றி, மக்களைத் தனக்கு வேண்டிய விளம்பரங்களின் பக்கம் திருப்பிக் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. இதை அம்பலப்படுத்தியது.

ரூட்டரோடு நில்லாமல், பிரௌசரிலும் ஒரு தடுப்பான் இருப்பது நல்லது. விளம்பரத்தில் பிரபல நிறுவனங்களின் பெயரைப் போட்டு ஏமாற்றுவது பெருகியதால், விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு எப்.பி.ஐ. அமைப்பே 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு யோசனை கூறியது. யுபிளாக் ஆரிஜின் என்பது காசு வாங்காத, நம்பத்தக்க தடுப்பான். பயர்பாக்ஸ் பிரௌசரில் அது முழுமையாக வேலை செய்கிறது. குரோமில் விதிகள் மாறிவிட்டதால், 'லைட்' என்ற அதன் எளிய வடிவம் மட்டுமே இயங்கும். பெயரைச் சரியாகப் பார்த்து எடுக்க வேண்டும். 2018 ஏப்ரலில், தடுப்பான் என்ற பெயரில் வேவு பார்த்த ஐந்து போலிகள் குரோமின் கடையிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றை 2 கோடிப் பேருக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். காவலாளி வேஷத்தில் வந்த திருடர்கள் இவர்கள்.

வீட்டை விட்டு வெளியே போனால் செல்போனுக்கு ரூட்டரின் காவல் கிடையாது. ஆண்டிராய்டு 9 முதல் வந்துள்ள செல்போன்களில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வசதி இருக்கிறது. அதில் எண்ணுக்குப் பதிலாக அந்தந்த நிறுவனம் தரும் பெயரைப் பதிய வேண்டும். இதையும் செய்து கொள்வது நலம்.

இவற்றால் எல்லா மோசடியும் நின்றுவிடும் என்று நாம் கூறவில்லை. யூடியூப் போல, காட்சியும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வரும் தளங்களில் ரூட்டர் காவல் பலிக்காது. 'போலீஸ் பேசுகிறோம்' என்று வரும் டெலிபோன் அழைப்பையும், வாட்ஸ்அப்பில் வரும் கோப்பையும் எந்த வடிகட்டியும் நிறுத்தாது. சில சமயம் நல்ல தளமும் தடைபடும். பிரௌசர் தடுப்பானில் என்றால், அப்போது அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக் கொள்ளலாம். தாழ்ப்பாள் போட்ட வீட்டிலும் விழிப்பு வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற அரசு எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

'விளம்பரத்தால் பிழைக்கும் பத்திரிகை, விளம்பரத்தைத் தடுக்கச் சொல்லலாமா?' என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். விளம்பர வருமானம் இல்லாவிட்டால் இந்தப் பத்திரிகையை இந்த விலைக்குத் தர இயலாது. நாம் விளம்பரத்துக்கு விரோதிகள் அல்ல. ஆனால் நம்மிடம் விளம்பரம் கொடுப்பவர் பெயரும் விலாசமும் கொடுத்து ரசீது வாங்கிச் செல்கிறார். தவறு நடந்தால் அவரையும் கேட்கலாம், நம்மையும் கேட்கலாம். அந்தப் பொறுப்பு இணைய விளம்பரத்தில் இல்லை என்பதே நமது புகார். நம்பிக்கைக்கு உரிய தளங்களின் விளம்பரங்களை அனுமதிக்கும் வசதி தடுப்பான்களில் இருக்கிறது. வாசகர்கள் அதைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

மத்திய அரசுக்கும் கடமை உண்டு. செய்தி போல வேஷம் போட்டு வரும் விளம்பரம், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவது உட்பட 13 தந்திரங்களை 2023 நவம்பரில் அரசு பட்டியலிட்டுத் தடை செய்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் தந்திரத்துக்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது. பணம் வாங்கிக் கொண்டு விளம்பரம் போடும் பெரிய நிறுவனங்கள், கொடுப்பவர் யார் என்று சரிபார்க்காமல் போட்டால், ஏமாந்தவரின் இழப்பில் பங்கு ஏற்க வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டும்.

இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளும், பாதுகாப்பான டி.என்.எஸ். வேண்டுமா என்று முதல் நாளே கேட்டு, கட்டணமின்றிப் பொருத்தித் தர வேண்டும். ஒன்று மட்டும் நிச்சயம்: வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருடையதாகவே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரால், தங்களுக்குப் பிடிக்காத செய்திகளை அரசோ கம்பெனியோ அடைத்துவிட இடம் தரலாகாது.

அதுவரை காத்திராமல், வருகிற ஞாயிற்றுக்கிழமையே நம் வீட்டு வேலையை நாம் முடித்துவிடலாம். விவரம் தெரிந்த இளைஞர்கள் தங்கள் வீட்டோடு நில்லாமல், அடுத்த அறையில் இருப்பவருக்கும் செய்து கொடுக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெற்றோரின் செல்போனிலும் அமைத்துவிட்டு வர வேண்டும். வெளியூரில் உழைத்துச் சேர்க்கும் பணம் ஒழுங்காக ஊர் போய்ச் சேர, இதுவும் ஒரு வழி.