புல்லை முடிந்துவிட்டுப் போனவர்கள்

எங்கள் இதழுக்கு வருகிற கதைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே முடிவுகள்தாம். ஒன்று, பட்ட கஷ்டத்தையெல்லாம் உதறிவிட்டு நாயகன் நிமிர்ந்து நிற்பான். இல்லாவிட்டால் தூக்குக் கயிறு, பூச்சிமருந்து, தண்டவாளம். கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாதபோது ஆளைத் தீர்த்துவிடுவது நம்மவர்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. ஜெயிக்காமலும் சாகாமலும், இன்றைக்கு உலை வைத்தாயிற்று, நாளைக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருப்பவரை எழுதத்தான் ஆளில்லை.

ஆனால் தமிழில் அப்படி ஒரு மரபு இருந்தது. அதுவும் எங்கள் மலையை ஒட்டியே இருந்தது. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் செங்கம். அங்கே ஆண்ட நன்னனைப் பார்த்துப் பரிசில் வாங்கிக்கொண்டு திரும்புகிற கூத்தர், எதிரே வருகிற கூத்தருக்கு வழி சொல்வதுதான் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் பத்தாவது, 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். அதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. மன்னனைப் புகழ்ந்த பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படித்துப் பார்த்தால், பாட்டின் பெரும்பகுதி மலைக்காட்டில் உயிரோடு போய்ச் சேருவது எப்படி என்பதுதான். பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நடங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். வழி தவறினால் பாறைமேல் ஏறி உங்கள் வாத்தியத்தை வாசியுங்கள். கானவர்கள் கேட்டுவிட்டு ஓடிவந்து அழைத்துப் போவார்கள்.

இன்னொரு அறிவுரைதான் எங்களை உலுக்குகிறது. பாதை பிரிகிற இடத்தில் தடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, அடுத்து வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்துவிட்டுப் போங்கள் என்கிறார் அந்தக் கூத்தர். தான் பிழைத்ததோடு முடியவில்லை; பின்னால் வருகிறவன் யார் என்றே தெரியாது, அவனுக்கும் ஒரு முடிச்சு. அதே பாட்டில் வழியோரத்து நடுகற்களும் வருகின்றன. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே போட்டது. மாடு மீட்கப்போய் மாண்டவனுக்குக் கல் நின்றுவிட்டது. புல் முடிச்சு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. நம் இலக்கியத்துக்குக் கல் நடுவதில் இருக்கிற ஆர்வம், முடிச்சுப் போடுவதில் இல்லை.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று மேலே இருக்கிற மலையாளிப் பழங்குடி ஊர்களிலிருந்து ஆட்டை இழுத்துக்கொண்டும், சாமையும் புளியும் சுமந்துகொண்டும் இறங்குகிறார்கள். மழைக்காலத்தில் மலையேறப் போகிறவரை அவர்கள் சும்மா விடுவதில்லை. “அந்தப் பாறையில கால வெக்காத, பாசி புடிச்சிகினு இருக்கும். ஓரத்து மூங்கிலப் புடிச்சிகினு எறங்கு.” மலைபடுகடாமும் வழுக்கும் கரையில் கொடியைப் பிடித்து நடக்கத்தான் சொல்கிறது.

இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த அறிவுரை செல்லுபடியாகிறது என்றால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? 2023 மே மாதம், ஒடுகத்தூர் இருக்கிற இதே அணைக்கட்டுத் தாலுகாவில் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றது. மீதித் தூரத்தைத் தாய் உடலைச் சுமந்து நடந்தார். அவர் அப்படி நடந்த படத்தைப் பார்த்து ‘மலைமக்களின் மன உறுதி’ என்று கவிதை எழுதியவர்கள் உண்டு. அவற்றை நாங்கள் போடவில்லை. அந்தத் தாய்க்கு உறுதி குறைந்ததால் குழந்தை சாகவில்லை, கூடியிருந்தால் பிழைத்திருக்கவும் போவதில்லை. தேவைப்பட்டது தார்ச்சாலையும், பக்கத்தில் விஷமுறிவு மருந்தும். வனச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராமசபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைச் சாலைக்கு ஒதுக்கலாம் என்கிறது. கர்ப்பிணிகளை டோலி கட்டித் தூக்கிவருவதை வீரம் என்று எழுதுகிற எழுத்து, இந்தப் பிரிவைத் தூங்கவிட்டவர்களுக்குத்தான் உதவி செய்கிறது.

மன உறுதிக் கணக்கு செல்லாத இன்னொரு இடமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேர் செத்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள், எங்களைத் தாக்கினார்கள் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். தப்பித்த ஒருவர், பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் போலீசார் தம்மை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று சொன்னார். வாழும் வேட்கை, விடாமுயற்சி என்று தலைப்பு வைத்துப் பேசுகிறவர்கள் இந்த இருக்கையை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? மற்றவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருந்தது. உயிர்மேல் அவர்களுக்கு ஆசை குறைவென்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆசைதான் அவர்களைக் கூலிக்கு மலையிறங்க வைத்தது.

இலக்கியம் பிழைத்ததும் சொந்த உறுதியால் மட்டும் அல்ல, அடுத்தவர் கையால்தான். பனையோலைக்கு ஆயுசு சில நூறு வருஷம். கரையான் அரிப்பதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொரு ஏட்டில் எழுத வேண்டும். மலைபடுகடாம் அப்படிக் கைமாறிக் கைமாறி வந்து, 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோதுதான் மூச்சுவிட்டது. ஐயரை எல்லோருக்கும் தெரியும். நடுவில் படியெடுத்த கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூட இல்லை. அச்சு வந்த பிறகும் இதே கதைதான். சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். ‘சுதந்திர தாகம்’ நாவலை எண்பதைத் தாண்டிய வயதில் சொந்தமாக வெளியிட்டார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல், அவர் இறந்த பிறகு. செல்லப்பாவின் வைராக்கியத்தைச் சொல்கிற மேடைகளில், அந்த மூட்டையிலிருந்து காசு கொடுத்து வாங்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. (சந்தா பாக்கி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.)

அடுத்த இதழிலிருந்து மலை ஊர்களின் வழித்தடங்களை, அந்த ஊர்க்காரர்கள் சொல்வதாகவே போடப்போகிறோம். எந்த ஓடை எந்த மாசத்தில் பொங்கும், பிரசவ வலி கண்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது, ஜீப் எதுவரை வரும், கிராமசபையில் சாலைக்காக எப்போது தீர்மானம் போட்டார்கள், அந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது. இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பவர்கள் மலைபடுகடாமைப் புரட்டிப் பார்க்கட்டும். கையால் எழுதி வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம். எழுத வராதவர்கள் போனில் பேசி அனுப்பினால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போகும்.