‘வெயில் நமக்குப் பழக்கம்தானே?’: மரபணு சொல்லும் பதில் வேறு!

ஆபீஸ் ஏசியை 22 டிகிரியில் வைத்தால் ஒருவர் ஸ்வெட்டர் தேடுகிறார். பக்கத்து சீட்காரரோ, ‘இன்னும் கொஞ்சம் குறைங்க’ என்கிறார். இது பழக்கமா, பிறவியிலேயே வருவதா? இரண்டும்தான்.

நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ‘டிஆர்பிஎம்8’ என்ற புரதம் இருக்கிறது. புதினா தைலம் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். இந்தப் புரதத்துக்கான மரபணுவுக்கு அருகே, டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறிய வடிவம் உண்டு. 2018-ல் வெளியான ஆய்வின்படி, அது நைஜீரியர்களிடம் 5 சதவீதம்தான். பின்லாந்துக்காரர்களிடம் 88 சதவீதம். ஆப்பிரிக்காவிலிருந்து குளிர்ப் பகுதிகளுக்குப் போன மனிதர்களுக்கு அது ஏதோ ஒரு வகையில் கைகொடுத்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. ஆனால் சும்மா கிடைக்கவில்லை. அதே வடிவத்தோடு ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொரு உதாரணம் தசையில். உலகில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு ‘ஆல்ஃபா ஆக்டினின்-3’ என்ற தசைப் புரதமே கிடையாது. 14 டிகிரி தண்ணீரில் ஆண்களை உட்காரவைத்துப் பார்த்ததில், இந்தப் புரதம் இல்லாதவர்களே உடல் வெப்பத்தை நன்றாகத் தக்கவைத்தார்கள்.

‘அப்போ வெயில் ஊர்க்காரங்களுக்கு வெயில் ஒண்ணும் செய்யாதுல்ல?’ என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரு மரபணு வடிவம் மக்களிடையே பரவப் பல நூறு தலைமுறைகள் ஆகும். பூமியோ சுமார் 150 ஆண்டுகளில், அதாவது ஐந்தாறு தலைமுறைக்குள், 1 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. இந்த வேகத்துக்கு மரபணு ஓடி வராது.

‘பழகிப்போச்சு’ என்று நாம் சொல்வது உடலின் தற்காலிக ஏற்பாடு. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயத்தின் சுமையும் குறையும். சில வாரம் வெயிலை விட்டு விலகினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது. எவ்வளவு பழகிய உடம்பும் அங்கே தோற்றுவிடும்.

ஆகவே, உச்சி வெயிலில் பார்சல் கொண்டுவருபவரையும் கட்டட வேலை செய்பவரையும் பார்த்து, ‘அவங்களுக்கு இது பழக்கம்’ என்று கடந்துபோவதற்கு அறிவியல் துணை நிற்காது. நிழல், தண்ணீர், இடைவேளை, புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் இரண்டு வாரம் குறைந்த வேலைப்பளு: இவற்றை முதலாளிகளும் அரசும்தான் செய்ய வேண்டும். அதை மரபணுவின் தலையில் கட்ட முடியாது.