காகிதத்தில் 28 கி.மீ.; சாலையில் எவ்வளவு?

பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் இருக்கிறது பிடதி. அங்குள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில்தான், 2022-ம் ஆண்டு அறிமுகமான ஹைரைடர், மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா ஆகிய ஹைபிரிட் கார்களின் உற்பத்தி தொடங்கியது. பெட்ரோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் இந்த கார்கள், லிட்டருக்கு 27.97 கிலோ மீட்டர் ஓடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆலை வாயிலைக் கடந்து நகருக்குள் நுழையும் அதே கார் சில்க் போர்டு சந்திப்பிலோ, ஹெப்பாள் மேம்பாலத்திலோ சிக்கி நிற்கும்போது, அந்த எண்ணை நம்பி வாங்கியவருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது.

இது வாங்கியவரின் தனிப்பட்ட மனக்குறை மட்டும்தானா? இல்லை. இதே எண்ணை வைத்துத்தான் புதுதில்லியில் கார் நிறுவனங்களின் எரிபொருள் சிக்கனம் மதிப்பிடப்படுகிறது. வரிச்சலுகை கேட்டு வருவோர் கையில் ஏந்தி வருவதும் இதே எண்ணைத்தான். ஆகவே, அது எங்கே பிறக்கிறது என்பதை அறியும் உரிமை, கார் வாங்காத குடிமகனுக்கும் உண்டு.

அது சாலையில் பிறப்பதில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில், உருளைகள் மீது காரை நிறுத்தி, வரையறுக்கப்பட்ட வேகங்களில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சோதனை முழுவதும் 20 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. மட்டுமே. குளிர்சாதனம் இயங்காத நிலையில் எடுக்கப்பட்ட அளவுகளே இதுகாறும் மைலேஜ் என்று விளம்பரங்களில் இடம்பெற்று வந்துள்ளன. ஆய்வகத்தில் மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே பாயும் ஆட்டோ இல்லை. ஒரு காரை இன்னொரு காருடன் ஒப்பிட இப்படியொரு பொது அளவுகோல் தேவைதான். ஆனால், அது சாலையில் கிடைக்கும் மைலேஜுக்கு உத்தரவாதம் ஆகாது.

பெங்களூரின் சாலைகள் வேறு கதை. டாம்டாம் நிறுவனம் 2022-ம் ஆண்டுக்கு வெளியிட்ட உலகப் போக்குவரத்துப் பட்டியலின்படி, அந் நகரின் மையப் பகுதியில் 10 கி.மீ. தொலைவைக் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. லண்டனுக்கு அடுத்தபடியாக, உலகிலேயே இரண்டாவது மெதுவான நகரமாக அது இடம்பெற்றது. மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகம், ஒரு தேர்ந்த மிதிவண்டி வீரர் அதைவிட விரைவாகச் செல்வார்.

இங்கேதான் ஒரு விந்தை இருக்கிறது. சாதாரண பெட்ரோல் கார் நெரிசலில் நிற்கும்போதும் அதன் இயந்திரம் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஹைபிரிட் காரில் அந்த நேரத்தில் இயந்திரம் அணைந்துவிடும். ஊர்ந்து செல்லும்போது மோட்டாரே இழுக்கும். பிரேக்கை மிதித்தால் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாகி மீண்டும் பேட்டரிக்குச் செல்லும். குளிர்சாதனம் தொடர்ந்து இயங்கி பேட்டரி இறங்கினால், நின்ற இடத்திலேயே இயந்திரம் உயிர்பெற்று அதை நிரப்பும் என்பதும் உண்மை. ஆகவே, அறிவிக்கப்பட்ட மைலேஜ் ஹைபிரிட் காருக்கும் கிட்டுவதில்லை. ஆனால், நெரிசலில் அது சரிவதைவிட சாதாரண கார் மிக அதிகமாகச் சரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 12 ஆயிரம் கி.மீ. ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் லிட்டருக்கு 28 கி.மீ. தரும் ஹைபிரிட் கார், நகரத்தில் 20 கி.மீ. மட்டுமே தருகிறது என வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 20 கி.மீ. தரும் சாதாரண கார், அதே நெரிசலில் 10 கி.மீ. தருகிறது என்று கொள்வோம். காகிதக் கணக்கில் ஹைபிரிட் காருக்கு ஏறத்தாழ 429 லிட்டர், சாதாரண காருக்கு 600 லிட்டர். வித்தியாசம் 171 லிட்டர். சாலைக் கணக்கில் ஒன்றுக்கு 600 லிட்டர், மற்றொன்றுக்கு 1,200 லிட்டர். வித்தியாசம் 600 லிட்டர்! சொன்ன மைலேஜைத் தராத கார்தான், சொன்னதைவிட மூன்று மடங்குக்கு மேல் மிச்சப்படுத்துகிறது.

அதே காரை ஒசூர் வழியாகச் சென்னை நெடுஞ்சாலைக்குக் கொண்டு சென்றால் கதை திசைமாறுகிறது. சீரான வேகத்தில் விரையும்போது பிரேக் ஆற்றலை மீட்கும் வாய்ப்பு குறைவு. காற்றின் எதிர்ப்பை வெல்லும் சுமை பெரும்பாலும் பெட்ரோல் இயந்திரத்தின் தலையில் விழுகிறது. ஹைபிரிட் காரின் ஆதாயம் அங்கே சுருங்கிவிடுகிறது. நகர டாக்சிக்குப் பெரும் வரமாக இருக்கும் தொழில்நுட்பம், நெடுஞ்சாலைப் பயணிக்குச் சிறு லாபமாக நின்றுவிடலாம். ஒற்றை எண் இந்த இரண்டு உண்மைகளையும் மறைத்துவிடுகிறது.

இனி, அரசின் பக்கம் பார்வையைத் திருப்புவோம். கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. அத்தகைய நாடு, எரிபொருளை மிச்சப்படுத்தும் வாகனத்தை எப்படி நடத்துகிறது?

2015 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் திட்டத்தில், தாமாக ஒரு மீட்டர்கூட மின்சாரத்தில் ஓட இயலாத "மைல்டு ஹைபிரிட்" டீசல் கார்களுக்கும் மானியம் வழங்கப்பட்டது. இயந்திரத்துக்குச் சிறிய உதவி செய்யும் மோட்டார் இருந்தாலே போதும், பொதுமக்கள் பணம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரல் முதல் அந்தக் கார்கள் மானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அடுத்த சில மாதங்களில் சரக்கு, சேவை வரி வந்தது. அப்போது ஊசல் எதிர்த்திசையில் ஓடியது. முழுமையான ஹைபிரிட் கார்கள் மீதும், கூடுதல் தீர்வை உள்பட 43 சதவீத வரி விழுந்தது. மின்சார கார்களுக்கான வரியோ 2019 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த புதிய வரி விகிதங்களில் நிலைமை இன்னும் வினோதமானது. நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெட்ரோல் காருக்கு 40 சதவீதம். அதே நீளமுள்ள ஹைபிரிட் காருக்கும் 40 சதவீதம். முன்பு பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட் காருக்கும் இடையே இருந்த சிறு வித்தியாசமும் மறைந்துவிட்டது. அரசு காரின் நீளத்தை அளக்கிறது, இயந்திரத்தின் கொள்ளளவை அளக்கிறது. அது குடிக்கும் பெட்ரோலை மட்டும் அளப்பதில்லை. கர்நாடகத்தின் வாழ்நாள் சாலை வரியோ காரின் விலைக்கேற்ப 18 சதவீதம் வரை உயர்கிறது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் கொடுத்த கூடுதல் விலைக்கும் சேர்த்தே வாங்குபவர் வரி கட்டுகிறார்.

உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் ஹைபிரிட் கார்களுக்கான பதிவு வரியைத் தள்ளுபடி செய்தபோது, கார் நிறுவனங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தன. ஹைபிரிட் கார் விற்கும் நிறுவனங்கள் வரவேற்றன. மின்சார கார்களில் பெரும் முதலீடு செய்த நிறுவனங்கள் எதிர்த்தன. இரு தரப்பும் தேசநலனைப் பற்றியே பேசின. ஆனால், இந்தியச் சாலைகளில் இந்த கார்கள் உண்மையில் எவ்வளவு எரிபொருள் செலவழிக்கின்றன என்ற பொதுவான புள்ளிவிவரத்தை எந்தத் தரப்பும் மக்கள் முன் வைக்கவில்லை. நடுவராக இருக்க வேண்டிய அரசும் கேட்கவில்லை.

மத்திய அரசின் எரிபொருள் சிக்கன விதிகளும் ஆய்வக எண்ணையே நம்பியிருக்கின்றன. ஒரு நிறுவனம் விற்கும் எல்லா கார்களின் சராசரி கரியமில வாயு, 2022-23 முதல் கிலோ மீட்டருக்கு 113 கிராம் என்ற அளவைச் சுற்றி அமைய வேண்டும். இந்தக் கணக்கில் ஒரு மின்சார கார் மூன்று கார்களாகவும், ஒரு முழு ஹைபிரிட் கார் இரண்டு கார்களாகவும் எண்ணப்படும் சலுகை தரப்பட்டது. ஒன்றை இரண்டாக எண்ணுவது, தொழில்நுட்பத்தை ஊக்குவிக்கத் தற்காலிகமாகத் தேவைப்படலாம். ஆனால், அளந்து பார்க்காத ஒன்றை இரண்டாக எண்ணுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பிற நாடுகள் இந்தச் சிக்கலைச் சந்தித்து வழிகண்டிருக்கின்றன. குளிர்சாதனம், அதிவேகம், கடுங்குளிர் ஆகியவற்றையும் சேர்த்து மைலேஜைக் கணிக்கும் முறையை அமெரிக்கா 2008-ம் ஆண்டு மாடல்கள் முதல் கொண்டுவந்தது. டொயோட்டா பிரையஸ் ஹைபிரிட் காரின் நகர மைலேஜ், காலனுக்கு 60 மைல் என்பதிலிருந்து 48 மைலாக இறங்கியது. கார் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. அதனால் பிரையஸ் மூழ்கிப்போய்விடவில்லை. உலகெங்கும் விற்பனையான பிரையஸ் கார்களின் எண்ணிக்கை அதே 2008-ல்தான் 10 லட்சத்தைக் கடந்தது. நேர்மையான எண்ணைக் கண்டு நல்ல பொருள் அஞ்ச வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2021 முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்களில் எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். அந்தப் பதிவுகளின் அடிப்படையில் 2024 மார்ச்சில் வெளியான அறிக்கை, பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழில் உள்ளதைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக கரியமில வாயுவை வெளியிடுவதைக் காட்டியது. மின் இணைப்பில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட் கார்களோ சான்றிதழ் அளவைப்போல மூன்றரை மடங்கு வெளியிட்டன. நம் நாட்டில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எனினும் பாடம் ஒன்றே: அளந்தால்தான் தெரியும்.

ஓட்டுநருக்கு ஓட்டுநர், ஊருக்கு ஊர் மைலேஜ் மாறும்; அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று உற்பத்தியாளர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். ஒரு காரின் மைலேஜ் மாறும். ஆயிரக்கணக்கான கார்களின் சராசரி பொய் சொல்லாது. விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை என்ற வழக்கில், கேரளத்தின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் கார் வாங்கியவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒவ்வொரு குடிமகனும் நீதிமன்றப் படியேறித்தான் உண்மையை அறிய வேண்டும் என்பது நல்லாட்சிக்கு அழகல்ல.

பல லட்சம் ரூபாய் கொடுத்து கார் வாங்குவோருக்கு எதற்குச் சலுகை என்ற கேள்வியும் எழும். அதுவும் நியாயமே. 2025 ஆகஸ்டில் சில்க் போர்டு வழியாக ஓடத் தொடங்கிய மஞ்சள் வழித்தட மெட்ரோ ரயிலும், மாநகரப் பேருந்தும் ஒரு பயணிக்குச் செலவிடும் ஆற்றலோடு எந்த காரும் போட்டியிட முடியாது. பொதுப் பணத்துக்கு முதல் உரிமை அவற்றுக்கே. ஆனால், சலுகை வேண்டாம் என்று மறுப்பதற்கும் உண்மையான அளவு தேவைப்படுகிறது.

அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குளிர்சாதனம் இயங்கும் நிலையில், நகரம், நெடுஞ்சாலை என இரண்டு மைலேஜ்கள் ஒவ்வொரு காரின் மீதும் ஒட்டப்பட வேண்டும். நூறு கிலோ மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதையும் உடன் அச்சிட வேண்டும். செலவு அப்போதுதான் பளிச்சென்று விளங்கும். புதிய கார்களில் எரிபொருள் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கி, உரிமையாளரின் அடையாளம் வெளிப்படாமல் அதன் சராசரியை ஆண்டுதோறும் மாடல் வாரியாக வெளியிட வேண்டும். 2027 ஏப்ரல் முதல் எனத் திட்டமிடப்பட்டுள்ள அடுத்த கட்ட எரிபொருள் சிக்கன விதிகளும், வரி விகிதங்களும் அந்த அளவைத் தழுவியே அமைய வேண்டும்.

உழக்கும் படியும் சரியாக இருக்கிறதா என்று சந்தைக் கடைகளில் சோதிக்கும் அரசுதான் இது. பெட்ரோல் பங்கில் ஐந்து லிட்டர் அளவைக் கலயத்தில் சரிபார்க்கும் உரிமையை நமக்கு அளித்திருப்பதும் இதே அரசுதான். அந்த ஐந்து லிட்டர் எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதிலும் அதே நேர்மையைக் கேட்பது பேராசை ஆகாது.